வங்காளி முனிக்குச் சுருட்டு

1991 டிசம்பர் 1, ஞாயிறு

தம்பி வந்தான். செருப்பைக் கழற்றாமல் நடுவீடு வரைக்கும் வந்து நின்று, "அக்கா, ஒரு நல்ல காரியம்" என்றான். நல்லதம்பி நல்ல காரியம் என்று ஆரம்பித்தால் நான் கதவைத்தான் பார்ப்பேன், எப்போது போவான் என்று. ஐம்பது வயதாகிறது. தோட்டத்துக் கோவிலுக்குத் தலைவன், கட்சிக் கிளைக்குத் தலைவன், பந்தாட்டக் குழுவுக்கும் தலைவன். வாழ்நாளில் ஒரு பந்தை உதைத்தவன் இல்லை.

இப்போது புதிதாக ஒரு குழு. ஜப்பான்காரன் மலாயாவுக்குள் நுழைந்து ஐம்பது வருடம் ஆகிறதாம். நம் தோட்டத்துப் பாலத்தில் அவனை மறித்து நின்று செத்த சீக்கியச் சிப்பாய்களுக்கு நினைவுக்கல் வைக்கப் போகிறானாம். ஜனவரி ஐந்தாம் தேதி விழா. மந்திரி வருகிறார். ஐம்பது வருடமாக அந்தப் பாலத்தில் மாடு கட்டியவர்களுக்குத் திடீரென்று ஞானம் பிறந்துவிட்டது.

"வரவேற்புரை நீதான் எழுதிக் குடுக்கணும். நீ பெரிய டீச்சர். எங்களுக்கு அந்த மாதிரி வராது லா."

"உங்களுக்கு எந்த மாதிரிதான் வரும்?" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவனுக்குத் தோல் தடிப்பு. நான் தமிழ்ப்பள்ளியில் முப்பத்தாறு வருடம் பிள்ளைகளைத் திருத்தினேன். தம்பி மட்டும் திருந்தவில்லை.

மழை. துவைத்த இரண்டு சேலையும் அடுப்படிக் கொடியில் தொங்குகின்றன. வீடு முழுக்க ஈர வாசம்.

டிசம்பர் 3

வரவேற்புரை எழுத உட்கார்ந்தேன். "மாண்புமிகு" என்ற சொல்லோடு எழுந்துவிட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

குழுக் கூட்டத்துக்கு வலிய இழுத்துப் போனான். கோவில் மண்டபத்தில் பதினான்கு பேர். அதில் பன்னிரண்டு பேர் வடைக்கு வந்தவர்கள்.

எல்லோரும் கதை சொன்னார்கள். பாலத்துச் சீக்கியர் ஒருவர் வாளை உருவி ஏழு ஜப்பான்காரர்களை வெட்டினாராம். தம்பி எழுந்து, "ஏழு இல்ல, பன்னெண்டு" என்றான். யாரும் மறுக்கவில்லை. தலைவர் சொன்னால் பிணமும் கூடும். இவன் அப்போது ஐந்து மாதக் குழந்தை. மற்றவர்களில் பாதிப் பேர் பிறக்கவே இல்லை. அன்றைக்குத் தோட்டத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் சயாமுக்கு ரயில் பாதை போடப் போய் அங்கேயே மண்ணானார்கள், எங்கள் அப்பாவும் சேர்த்து. மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு ஒன்றும் தெரியாது. பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

பாலத்துக்குக் கீழே இருக்கும் கல்லைப் பற்றியும் பேச்சு வந்தது. காவி பூசி, தகரக் கூரை போட்டு, செத்த சிப்பாயின் ஆவியை "வங்காளி முனி" என்று கும்பிடுகிறார்கள். கல்கத்தாவில் கப்பல் ஏறி வந்தவர்கள் என்பதால் இந்த நாட்டில் நம் ஆட்களுக்குச் சீக்கியர்கள் எல்லோரும் வங்காளிகள். வங்காளம் எங்கே, பஞ்சாப் எங்கே? முனியாண்டிக்குச் செய்கிற மாதிரியே இவருக்கும் சுருட்டு, கறுப்பு பீர், அவித்த முட்டை. சீக்கியனுக்குப் புகையிலை ஆகாது என்று ஒருவனுக்காவது தெரியுமா? ஐம்பது வருடமாகச் செத்தவன் வாயில் சுருட்டைத் திணிக்கிறார்கள். பக்தியாம்.

ஒன்று மட்டும் எனக்குச் சுருக்கென்றது. மந்திரிக்கு மத்தியான விருந்து பழைய புகைக்கொட்டகையில் என்று தீர்மானம் போட்டார்கள். ரப்பர் ஷீட்டைக் கொடியில் போட்டுப் புகை மூட்டிக் காய வைக்கிற கொட்டகை அது. தோட்டம் மூடியதிலிருந்து சும்மா கிடக்கிறது. வெள்ளையடித்து ரிப்பன் கட்டப் போகிறார்களாம். நான் அந்தப் பக்கம் போவதே இல்லை. பாம்பு இருக்கும்.

டிசம்பர் 12

மேடைக்கு ஒரு தலைப்பாகை வேண்டுமாம். தம்பியே வாய் விட்டுச் சொன்னான். "ஒரு அசல் சீக்கியர் மேடையில இருந்தாத்தான் அக்கா களை." ஈப்போவுக்குப் போய் ஒருவரைப் பிடித்து வந்துவிட்டான், கல்யாணத்துக்கு நாதஸ்வரக்காரரைப் பிடிக்கிற மாதிரி.

அஜைப் சிங். போலீஸில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவர். என் வயது இருக்கும். நரைத்த தாடி, நீலத் தலைப்பாகை, இஸ்திரி போட்ட சட்டை. தோட்டங்களில் வேலை பார்த்தவராம், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். தம்பி அதைக் கவனித்தானா தெரியவில்லை.

தம்பி போன பிறகும் அவர் இருந்தார். கோப்பியை ஆற்றிக் குடித்தார்.

"டீச்சர், நான் மேடைக்காக வரல. உங்க தம்பிகிட்ட சொன்னா அவருக்கு வெளங்காது. என் பெரியப்பா இந்தப் பக்கந்தான் சண்டையில இருந்தாரு. மெஹர் சிங்னு பேரு. பட்டாளத்துலேருந்து வந்த காகிதத்துல 'காணவில்லை'ன்னு மட்டுந்தான் இருந்திச்சு. செத்துட்டாருன்னு இல்ல. எங்க அப்பா சாகிற வரைக்கும் தேடினாரு. இப்ப நான் தேடறேன்."

"இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு?" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

"பெரியம்மா இன்னும் உசிரோட இருக்காங்க, பஞ்சாப்ல ஊர்ல. கல்யாணமாகி எட்டு மாசத்துல அவரு கப்பல் ஏறிட்டாரு. இப்ப எழுவத்தி ரெண்டு வயசு. காணவில்லைன்னு சொன்னவருக்குக் கடைசிக் காரியம் செய்யக் கூடாதுன்னு இன்னிக்கும் வேளாவேளைக்கு ஒரு ரொட்டி கூடுதலா சுடறாங்க. பசந்த் கௌர்னு பேரு. யாராவது ஒருத்தர், பார்த்தேன்னு சொன்னாப் போதும் டீச்சர். அவங்க நிம்மதியாப் போயிடுவாங்க."

எனக்கு ஒன்றும் தெரியாது, சின்னப் பிள்ளை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

தலைவலி. பகலிலேயே படுத்துவிட்டேன்.

டிசம்பர் 13

பசந்த் என்பது பெயரா? ஏதோ பாட்டு என்றல்லவா நினைத்திருந்தேன்.

டிசம்பர் 17

கல் வந்துவிட்டது. தம்பி வேனில் ஏற்றி வந்து எனக்குக் காட்டினான். கறுப்புப் பளிங்கு, தங்க எழுத்து. மேலே மந்திரி பெயர். அடுத்து சட்டமன்ற உறுப்பினர் பெயர். அடுத்து "விழாக் குழுத் தலைவர் சி. நல்லதம்பி" என்று என் தம்பி பெயர். அதற்கும் கீழே நன்கொடை கொடுத்த லாரிக்காரர் பெயர். எல்லாவற்றுக்கும் அடியில், எறும்பு அளவில், "1941இல் இப்பாலத்தைக் காத்து உயிர் நீத்த சீக்கிய வீரர்கள் சிலர் நினைவாக."

"சிலர்னா எத்தனை பேர்டா?"

"யாருக்குக்கா தெரியும்? அதான் சிலர்னு போட்டோம். தப்பு வராது பாரு."

தப்பு வராதாம். செத்தவர்களை எண்ணத் தெரியாதவனுக்கு மேடை, மாலை, மைக். கல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். வாசலில் வைத்துப் பார்க்கக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

அவன் போனதும் காய்ந்த சேலைகளை மடித்தேன். சேலை மடிக்கும்போது என் வாய் தானாக எதையோ முணுமுணுக்கும். பள்ளிக்கூடத்தில் உடன் வேலை பார்த்தவர்கள், டீச்சர் பெருக்கல் வாய்ப்பாடு சொல்கிறார் என்று கேலி செய்வார்கள். வாய்ப்பாடு என்றே வைத்துக்கொள்ளட்டும். ஒன்பதாம் வாய்ப்பாடு.

டிசம்பர் 21

நல்ல வெயில் அடித்தது, ஒரு வாரத்துக்குப் பிறகு. எதிர்வீட்டுச் செல்லாயி வேலிக்கு வந்து, "டீச்சர், இன்னிக்காவது துணிய வெளிய போடுங்க. வீட்டுக்குள்ளயே காயப்போட்டா மேலுக்கு ஆகாது" என்றாள். உன் வேலையைப் பார் என்றேன். இருபது வருடமாக இதையே சொல்கிறாள். நானும் இருபது வருடமாக அதே பதிலைத்தான் சொல்கிறேன்.

சாயங்காலம் தம்பி. விருந்துக்கு வருகிறவர்களுக்குக் கழிவறை வேண்டுமாம். தகரம் அடித்து நான்கு கட்டப் போகிறானாம். எங்கே என்றால், புகைக்கொட்டகைக்குப் பின்னால், என் வேலிக்கு அந்தப் பக்கம் நாவல் மரத்தடியில்.

"அங்க வேணாம்."

"ஏங்க்கா?"

"வேணாம்னா வேணாம். நாத்தம் அடிக்கும்."

"கக்கூஸ்னா நாத்தம் அடிக்கத்தான் செய்யும். முன்னாடியா கட்ட முடியும்? மந்திரி வராரு."

"ஆத்தங்கரையில கட்டு. இல்ல உன் வீட்டு வாசல்ல கட்டு."

"உனக்கு வயசாயிடுச்சுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். வயதாகிவிட்டதுதான். இல்லையென்றால் பின்னாலேயே போய்த் தலையில் ஒன்று வைத்திருப்பேன். காரணத்தைச் சொல்ல வேண்டியதுதானே என்று இந்த நோட்டுப் புத்தகம் கேட்கிறது. வாயை மூடு என்று இதற்கும் சொல்லிவைக்கிறேன்.

டிசம்பர் 25

செல்லாயி மருமகள் கிறிஸ்துமஸ் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். நன்றாக இருந்தது. அதையும் ஒரு குறையோடுதான் சாப்பிட்டேன், இனிப்பு அதிகம் என்று. என்ன பிறவி நான்.

டிசம்பர் 29, ஞாயிறு

அஜைப் சிங் பாலத்தைப் பார்க்க வந்தார். தம்பிக்கு நேரம் இல்லை, பந்தல்காரனோடு சண்டை. என்னைக் கூட்டிப் போகச் சொன்னான்.

பாலத்துக்குக் கீழே இறங்கினோம். இரும்புப் பாலத்தின் பழைய கால்கள் மட்டும் ஆற்றில் நிற்கின்றன. புதுப் பாலம் மேலே. அவர் வெகுநேரம் அந்தக் கால்களையே பார்த்தார். பின்வாங்கிய பட்டாளம் தப்பித்துத் தெற்கே போவதற்காக, இந்தப் பாலத்தில் ஒரு சிறு கூட்டத்தை விட்டுப் போனார்கள் என்று ஏதோ புத்தகத்தில் படித்தாராம். ஒன்றரை நாள் பிடித்து நின்றார்களாம். பெரிய துப்பாக்கி கிடையாது. மழை வேறு. புத்தகத்தில் அது ஒன்றரை வரி என்றார்.

ஒரு நாளுக்கு ஒரு வரி. அந்தப் புத்தகத்தை எழுதியவன் என் சிவப்புப் பேனாவிடம் மாட்டியிருக்க வேண்டும்.

அப்புறம் அவர் முனியைப் பார்த்துவிட்டார். எனக்கு மானம் போயிற்று. வாழையிலையில் பாதி எரிந்த சுருட்டு, திறந்த பீர் போத்தல், முட்டை. எனக்கு எதையும் மறைக்க நேரமில்லை. நம் ஆட்களுக்கு அறிவு இவ்வளவுதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் குனிந்து சுருட்டைப் பார்த்தார். சிரித்தார். அப்புறம் முகம் மாறியது.

"எங்க ஆளுங்க சுருட்டத் தொடமாட்டாங்க டீச்சர். சரிதான். ஆனா அம்பது வருஷத்துல அரசாங்கம் ஒண்ணும் குடுக்கல, பட்டாளம் ஒண்ணும் குடுக்கல, நாங்களும் எங்கன்னு தெரியாம வரல. இவங்க மட்டுந்தான் இருக்கறதுல நல்லதக் கொண்டாந்து வெச்சிருக்காங்க. நான் என்ன கோவிக்கறது?"

ரப்பர் மரத்தில் பால் வெட்டி வாழ்ந்த ஏழைகளுக்குச் சுருட்டுதான் உயர்ந்த பொருள். எனக்கு இது தோன்றியதே இல்லை. எல்லோரையும் ஏளனம் செய்தே நாளைக் கழித்தவளுக்கு எப்படித் தோன்றும்?

திரும்பும்போது கேட்டார்: "அப்ப நீங்க எந்த லயத்துல இருந்தீங்க டீச்சர்?"

"தூரத்துல" என்றேன். பொய். லயத்து வரிசை வீடுகளில் புகைக்கொட்டகைக்கு அடுத்ததே எங்கள் வீடு. அப்பா அங்கேதான் அடுப்பெரிக்கிற வேலை பார்த்தார்.

1992 ஜனவரி 1

புது வருடம். பழைய மழை.

ஜனவரி 4

நாளை விழா. பள்ளிப் பிள்ளைகள் தாளில் செய்த தலைப்பாகையும் பஞ்சுத் தாடியும் வைத்துக்கொண்டு நடனம் ஆடப்போகிறார்கள். ஒத்திகை பார்த்தேன். ஜப்பான்காரர்களாக நடிக்கிறவர்கள் பன்னிரண்டு பேர். தலைவர் எண்ணிக்கை.

நாவல் மரத்தடியில் தகரம் அடித்துவிட்டார்கள். என் அடுப்படி ஜன்னலில் இருந்து தெரிகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டேன். புழுக்கம் தாங்கவில்லை. திறந்தேன். திரும்பச் சாத்தினேன்.

ஜனவரி 5, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். இதுவரை இந்த நோட்டில் எழுதியதில் பாதி பொய். தூரத்தில் இருந்தோம் என்று அவரிடம் சொன்ன பொய்யையாவது ஒத்துக்கொண்டேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதை ஒத்துக்கொள்ளவில்லை.

காலை எட்டு மணிக்கு அஜைப் சிங் தொப்பலாக நனைந்து என் வாசலில் நின்றார். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தவரை மழை பிடித்துக்கொண்டது. "டீச்சர், தலப்பாவ அவுத்துத் திரும்பக் கட்டணும். அஞ்சு நிமிஷம் உள்ள எடம் தருவீங்களா?" பையில் காய்ந்த துணி ஒன்று வைத்திருந்தார், காவி நிறத்தில்.

உள்ளே வந்து திரும்பி நின்று நனைந்ததை அவிழ்த்தார். நான் அடுப்படிக்குப் போனேன். தேநீர் போட்டுக்கொண்டு வந்தபோது, புதுத் துணியின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் முடிந்து, மறுமுனையைப் பிடித்து இழுத்து மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு வழுக்கி வழுக்கி விழுந்தது. வீட்டில் மனைவி பிடிப்பாளாம்.

தேநீரைக் கீழே வைத்தேன். விழுந்த முனையை எடுத்தேன். இரண்டு மூலையையும் இரண்டு கையில் பிடித்து, பின்னால் நகர்ந்து, விறைப்பாக இழுத்து ஒரு உதறு. பாதியாக மடித்தேன். திரும்ப ஒரு இழுப்பு. திரும்பப் பாதி. நான்கு விரல் அகலம் வந்ததும் மடிப்பு கலையாமல் விரலை ஓட்டிக்கொண்டு அவரை நோக்கி நடந்தேன். அப்போது என் வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கே தெரியாது.

அவர் துணியை வாங்கவில்லை. அப்படியே நின்றார்.

"இந்த மடிப்ப உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது? நீங்க இப்ப என்ன பேருங்க சொன்னீங்க?"

ஈசர் சிங், வரியாம் சிங், சந்தா சிங், கபூர் சிங், நாசர் சிங், பக்தாவர் சிங், ஜவாலா சிங், மல் சிங், தலீப் சிங். ஐம்பது வருடத்துக்கு முன் தினமும் காலையில் தலைப்பாகை மடிக்கும்போது, செத்துப்போன ஒன்பது தோழர்களின் பெயரையும் அவர் சொல்வார். மறுமுனையைப் பிடித்து நான் திரும்பச் சொல்வேன். எனக்கு அது விளையாட்டு.

"மெஹர் சிங்தான் சொல்லிக் குடுத்தாரு" என்றேன்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். நிறுத்தியிருந்தால் திரும்ப ஆரம்பித்திருக்க மாட்டேன்.

பாலத்தில் எல்லோரும் விழுந்த பிறகு, தொடையில் குண்டோடு அவர் மட்டும் ஊர்ந்து ஊர்ந்து புகைக்கொட்டகைக்கு வந்தார். அப்பா ரப்பர் ஷீட்டுகளுக்குப் பின்னால் மறைத்து வைத்தார். அம்மா மஞ்சள் அரைத்துக் கட்டினாள். ரப்பர்ப் பால் வாளியில் கஞ்சி ஒளித்துக்கொண்டு போவது என் வேலை. ஏழு நாள் இருந்தார். நாலு மலாய் வார்த்தையும் கைச்சாடையும்தான் எங்கள் பேச்சு. தம்பியை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டுவார். ஆட்டும்போது "பசந்த், பசந்த்" என்று ஏதோ சொல்லிச் சிரிப்பார்.

அவர் தலைப்பாகையில் சேறும் ரத்தமும். அம்மா துவைக்கச் சொன்னாள். "உள்ளயே காயப்போடு, வெளிய கொண்டுபோகாத" என்று இரண்டு முறை சொன்னாள். நான் முதல் நாள் உள்ளேதான் போட்டேன். புகை பிடித்து நாறியது. அதைக் கட்டிக்கொண்டு அவர் பகலெல்லாம் இருமினார். எனக்குப் பொறுக்கவில்லை. ஜனவரி ஆறாம் தேதி நல்ல வெயில். திரும்பத் துவைத்து, லயத்துக் கொடியில், அம்மாவின் சேலைக்கும் பக்கத்து வீட்டுச் சேலைக்கும் நடுவில் போட்டேன். நீளத் துணிக்கு நடுவில் நீளத் துணி. எங்கள் கண்ணுக்கு அது சேலைதான். ஜப்பான்காரன் சேலை கட்டுகிற ஊரில் பிறந்தவன் இல்லையே. காக்கித் துணி அவன் கண்ணுக்குப் பட்டாளத் துணியாகத்தான் தெரிந்தது.

சைக்கிளில் வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். அப்பாவை, தம்பியை இடுப்பில் வைத்திருந்த அம்மாவை, என்னைக் கொடிக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். யாருடையது என்று கேட்டார்கள். அப்பா வாயைத் திறக்கவில்லை. துப்பாக்கியைத் தூக்கினார்கள். தம்பி வீறிட்டு அழுதான்.

கொட்டகைக்குப் பின்வாசல் இருந்தது. பின்வாசலைத் தாண்டினால் காடு. அவர் முன்வாசல் வழியாக வந்தார். நொண்டிக்கொண்டே வந்து, கொடியில் இருந்து துணியை எடுத்து, ஒரு முனையை என்னிடம் நீட்டினார். நான் பிடித்தேன். அவர் நடுங்கவில்லை. தினமும் செய்கிற மாதிரியே இழுத்தோம், உதறினோம், மடித்தோம். ஒன்பது பெயரையும் சொன்னார். நான் திரும்பச் சொல்லவில்லை. நிதானமாகச் சுற்றிக் கட்டினார். என்ன காரணமோ, அவர் கட்டி முடிக்கிற வரைக்கும் ஜப்பான்காரர்கள் விட்டார்கள். பிறகு நாவல் மரத்தடிக்குக் கூட்டிப் போனார்கள். மூன்று சத்தம் கேட்டது. அப்பா அங்கேயே அவரைப் புதைத்தார். எரிக்கப் பயம், புகை தெரியும் என்று. மூச்சு விடாதே என்று அம்மா என் வாயில் கையை வைத்தாள். ஐம்பது வருடம் அந்தக் கையை நான் எடுக்கவில்லை.

"வாளும் இல்லை, பன்னிரண்டு பேரும் இல்லை. நாங்க சாகக் கூடாதுன்னு வந்தாரு. வரவெச்சது நான்" என்றேன்.

அஜைப் சிங் நான் மடித்த துணியை வாங்கித் தலையில் கட்டினார். தேநீரைத் தொடவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"எங்க?"

ஜன்னலைத் திறந்து காட்டினேன். நாவல் மரமும் நான்கு தகரக் கழிவறையும் தெரிந்தன. என்னைத் திரும்பிப் பார்க்காமல் மழையில் இறங்கிப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்துத் தம்பி ஓடி வந்தான். பட்டு ஜிப்பாவெல்லாம் சேறு. "அக்கா, அந்த சார்ஜனுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா? கக்கூஸ் வாசல்ல காவல் நிக்கிறாரு! யாரையும் உள்ள விடமாட்டேங்கிறாரு. மந்திரி வந்தாச்சு, மந்திரியோட ஆளுங்க அவசரத்துல தவிக்கிறாங்க. கேட்டா வாயத் தெறக்கமாட்டேங்கிறாரு. நீ வந்து சொல்லு!"

போனேன். அவர் மழையில் விறைப்பாக நின்றார், பாரா நிற்கிற போலீஸ்காரர் மாதிரியே. எதிரே குடை பிடித்த பெரிய மனிதர்கள் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அவர் ஏன் நிற்கிறார் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியவள் நான் என்று எனக்கு விட்டுவைத்திருந்தார்.

நேராகப் பந்தலுக்குப் போய் மைக்கைப் பிடித்தேன். பஞ்சுத் தாடிப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். "கல்லுல சிலர்னு போட்டிருக்கு. சிலர் இல்ல. பத்துப் பேர்" என்றேன். ஒன்பது பெயரையும் சொன்னேன், பத்தாவதாக மெஹர் சிங். எந்த மரத்தடியில் இருக்கிறார் என்று சொன்னேன். ஏன் அங்கே இருக்கிறார் என்பதையும், கொடியில் துணி போட்டது யார் என்பதையும் சொன்னேன். "உங்க தலைவர் அன்னிக்கு அம்மா இடுப்புல அழுதுக்கிட்டிருந்தாரு. அவருக்குப் பதிலாத்தான் அந்த மனுஷன் போனாரு" என்றேன்.

யாரும் கைதட்டவில்லை. மந்திரி தன் காலணியைப் பார்த்தார். தம்பி மேடைக்குக் கீழே நின்றவன் நின்றபடியே நின்றான். முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாவல் மரத்துப் பக்கம் போனான். கொஞ்ச நேரத்தில் தகரம் பிடுங்குகிற சத்தம் கேட்டது.

விருந்து நடக்கவில்லை. அஜைப் சிங் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் ஈப்போ பஸ் ஏறிவிட்டார். எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

ஜனவரி 6

ஐம்பது வருடம்.

ஜனவரி 14

தம்பி வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றினான். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். போகும்போது, கல்லைத் திருப்பி அனுப்பிவிட்டேன், பத்துப் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடு என்றான். எழுதிக் கொடுத்தேன். உன் பெயர் எங்கே வரும் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

பாலத்துக்குக் கீழே யாரோ சுருட்டை எடுத்துவிட்டு ஒரு தட்டில் ரொட்டி வைத்திருக்கிறார்கள். வேகாத ரொட்டி. செல்லாயி சுட்டதாக இருக்கும்.

ஜனவரி 26, ஞாயிறு

அஜைப் சிங் வந்தார். போலீஸ் அனுமதி கிடைத்துவிட்டதாம். அடுத்த வாரம் குருத்வாராக்காரர்கள் வந்து மரத்தடியில் தோண்டி, கிடைப்பதை முறைப்படி எரிப்பார்கள். அதைச் சொல்ல வந்தேன் என்றார். ஆனால் எழுந்து போகவில்லை.

"பெரியம்மாகிட்டப் போன்ல பேசினேன். ஊர்ல ஒரு கடைக்குக் கூட்டியாரச் சொல்லி. எல்லாத்தயும் சொன்னேன் டீச்சர், ஒண்ணையும் மறைக்கல. நீங்க கொடியில போட்டதயும் சொன்னேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன வசவானாலும் வரட்டும் என்று.

"ரொம்ப நேரம் அழுதாங்க. அப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. உங்ககிட்டக் கேட்டுச் சொல்றேன்னேன்."

"என்ன கேட்டாங்க?"

"அவரு கட்டும்போது துணி காஞ்சிருந்திச்சான்னு கேட்டாங்க. அவருக்கு ஈரத் தலப்பா கட்டினா சளி பிடிச்சுக்குமாம்."

சேலை முந்தியை விரலால் நீவி நீவி மடித்தேன்.

"நல்லாக் காஞ்சிருந்திச்சு. வெயில் வாசத்தோட இருந்திச்சுன்னு சொல்லுங்க" என்றேன்.

சொல்கிறேன் என்றார். இந்த முறை தேநீரைக் குடித்தார்.

அவர் போன பிறகு அடுப்படிக் கொடியில் இருந்த இரண்டு சேலையையும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். வெயில் இருந்தது. வேலிக்கும் நாவல் மரத்துக்கும் நடுவில் கயிறு கட்டிக் காயப்போட்டேன். செல்லாயி வேலிக்கு வந்து பார்த்தாள். வாயைத் திறக்கப் போனவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனாள்.